ஸ்டீரியோ காதைக் குத்துகிறது, கடைக்காரர் கைவிரிக்கிறார்: வழக்குப் போடலாமா?

கேள்வி: 4 மாதத்துக்கு முன் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கரும் ஒரே கடையில் வாங்கினேன். கொஞ்சம் சத்தம் வைத்தாலே குரலில் 'ஸ', 'ச' எல்லாம் சீறுகிறது. இரண்டாவது வாரமே வாட்ஸ்அப்பில் புகார் சொன்னேன். "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்றார்கள், ஆகவில்லை. இப்போது, "உங்கள் அறைதான் காரணம். விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம், பில்லிலேயே போட்டிருக்கிறதே" என்கிறார்கள். வாரண்டி ஒரு வருடம். என்ன செய்யலாம்?

பதில்: வழக்குப் போடலாம். ஆனால் இன்றைக்கே போட்டால் தோற்கத்தான் வாய்ப்பு அதிகம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 'குறைபாடு' உள்ள பொருளுக்குத்தான் நிவாரணம் தரும். சட்டமோ, ஒப்பந்தமோ, விற்றவரின் வாக்குறுதியோ சொன்ன தரத்தில் பொருள் இல்லையென்றால் அது குறைபாடு. கேட்க இனிமையாக இல்லை என்பது மட்டும் குறைபாடு ஆகாது. கடைக்காரர் அறையைக் கைகாட்டுவதும் அதனால்தான். எரிச்சலாக இருந்தாலும், அதில் உண்மையும் இருக்கலாம்.

முதலில் ஒரு சோதனை. சீறல் ஒரு பக்கம் மட்டும் வருகிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் பவரை அணைத்துவிட்டு, இடது ஸ்பீக்கரை வலது வயரிலும் வலதை இடது வயரிலும் மாற்றிக் கொடுங்கள். சீறல் ஸ்பீக்கரோடு இடம் மாறினால் பழுது ஸ்பீக்கரில். பெரும்பாலும் ட்வீட்டராக, அதாவது மேல் ஸ்தாயி ஒலியைத் தரும் சின்ன ஸ்பீக்கர் பகுதியாக இருக்கும். அதே பக்கத்திலேயே நின்றால் ஆம்ப்ளிஃபயரையோ வயரையோ சந்தேகப்படலாம். இந்த முடிவு உங்கள் வழக்குக்கு நல்ல அடித்தளம்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சீறினால் வழக்கு பலவீனம். வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல், டைல்ஸ் தரை எல்லாம் மேல் ஸ்தாயி ஒலியைத் திருப்பி அடிக்கும். கனமான திரையும் தரையில் ஒரு கம்பளமும் போட்டு, ஸ்பீக்கரின் முகத்தை உங்களிடமிருந்து சற்றே விலக்கி, ட்ரெபிளைக் குறைத்துக் கேளுங்கள். வேறு பாட்டு, வேறு பிளேயரும் வைத்துப் பாருங்கள். மோசமாகச் சுருக்கிய ஃபைலும் இப்படித்தான் சீறும். சரியாகிவிட்டால் செலவு மிச்சம். சத்தத்தை ஏற்றும்போது மட்டும் கரகரத்தால், ஆம்ப்ளிஃபயர் தன் சக்தியை மீறித் திணறுவது காரணமாக இருக்கலாம். அதை அப்படியே ஓட்டினால் ட்வீட்டர் எரியலாம், பிறகு "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்று வாரண்டியை மறுப்பார்கள். ஆனால் "இந்த இரண்டும் ஜோடி சேரும்" என்று கடைக்காரர் எழுத்தில் சொல்லியிருந்தால் அது உங்களுக்குச் சாதகம்.

எது செய்தாலும் ஸ்க்ரூவைக் கழற்றாதீர்கள். போனில் பதிவு செய்த ஆடியோவையும் பெரிதாக நம்பாதீர்கள், அந்தச் சீறல் போன் மைக்கினுடையது என்று எதிர்த்தரப்பு சொல்லும். சர்வீஸ் சென்டரில் கொடுத்து, என்ன புகார், என்ன கண்டுபிடித்தார்கள் என்று எழுதிய ஜாப் கார்டை வாங்குங்கள். அதுதான் சாட்சி.

பில் வாசகத்துக்குப் பயப்பட வேண்டாம். பில்லில் திரும்ப எடுக்கும் கால அளவு எதுவும் இல்லாதபோது, 30 நாளுக்குள் குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை என்று அதே சட்டத்தின் பிரிவு 2(47) சொல்கிறது. நீங்கள் இரண்டாவது வாரமே புகார் சொன்னது இங்கே கைகொடுக்கும். அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். போனையும் மாற்றாமல் இருந்தால் நல்லது.

இதெல்லாம் கையில் வந்ததும் கடைக்கும் தயாரிப்பாளருக்கும் 15 நாள் அவகாசத்தோடு ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் தரலாம், கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. பரிசோதித்தால்தான் தெரியும் என்ற நிலை வந்தால் ஆணையமே ஆய்வகத்துக்கு அனுப்பும். அதற்கான செலவை முதலில் உங்களைக் கட்டச் சொல்லலாம். குறைபாடு உறுதியானால் பழுதுநீக்கம், புதிய பொருள், பணம் திருப்பித் தருதல், நஷ்டஈடு என்று உத்தரவிட முடியும். இரண்டு வருடத்துக்குள் புகார் தந்தாக வேண்டும். சர்வீஸ் சென்டருக்கு வாரண்டி முடிவதற்குள் போய்விடுங்கள்.