பதினோரு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகனுக்கு 11 மாதம் முடிந்துவிட்டது. பிறந்தபோது 2.9 கிலோ, இப்போது 8.6 கிலோ. இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறேன். "இனி உன் பாலில் என்ன சத்து இருக்கிறது? வெறும் தண்ணீர்தான். அதைக் குடிப்பதால்தான் சோற்றைத் துப்புகிறான்" என்கிறார் என் மாமியார். வேப்பிலையை அரைத்துத் தடவி மறக்கடிக்கச் சொல்கிறார். பல் முளைத்ததிலிருந்து கடிக்கவும் செய்கிறான். அடுத்த மாதம் வேலைக்குத் திரும்புகிறேன். நிறுத்திவிடலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: வேப்பிலை மரத்திலேயே இருக்கட்டும் அம்மா. ஒரு வயதுக்குள் பிறந்த எடை மூன்று மடங்காக வேண்டும் என்பது எங்கள் கணக்கு. உங்கள் மகன் ஏறக்குறைய அங்கே வந்துவிட்டான். தண்ணீரைக் குடித்து யாரும் இப்படி வளர்வதில்லை.

இரண்டு வயது வரையிலும், தாயும் குழந்தையும் விரும்பினால் அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இரண்டாம் வயதிலும் குழந்தைக்குத் தேவையான ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு வரை இதிலிருந்தே கிடைக்கும். நோய் எதிர்ப்புப் பொருள்களும் தொடர்ந்து கிடைக்கும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று படுத்து வேறு எதையும் தொடாத நாளில் இதன் அருமை உங்கள் மாமியாருக்கே தெரியும்.

ஆனால் அவர் சொல்வதில் ஒரு பாதி சரி. தாய்ப்பால் மட்டும் இப்போது போதாது, குறிப்பாக இரும்புச்சத்து. கருவில் சேமித்த இருப்பு ஆறு மாதத்தோடு பெரும்பாலும் தீர்ந்துவிடும். பாலில் வருவது மிகக் குறைவு. அதை உணவில்தான் ஈடுகட்ட வேண்டும். தட்டில் என்ன வைக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. என்னிடம் வரும் பல வீடுகளில் அது ரசம் சாதம், நடுவில் பாலில் நனைத்த பிஸ்கட். வயிறு நிறையும், சத்து சேராது. குழைந்த பருப்பு சாதத்தில் நெய், முட்டை, மசித்த ஈரல் அல்லது மீன், கீரை, கேழ்வரகுக் கூழ் என்று மாற்றுங்கள். கரண்டியில் எடுத்தால் வழியாத கெட்டிப் பதம் வேண்டும். நாளைக்கு மூன்று, நான்கு வேளை. பசியோடு இருக்கும்போது முதலில் சோறு, பிறகு பால். துப்பினால் வற்புறுத்தாதீர்கள், அதே உணவை இரண்டு நாள் கழித்து மீண்டும் வையுங்கள். அரசுத் திட்டத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இரு முறை தரும் இரும்புச்சத்து சிரப்பைப் பற்றி உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

மாட்டுப்பாலை ஒரு வயதுக்கு முன் முக்கியப் பானமாக்க வேண்டாம். அதில் இரும்புச்சத்து சொற்பம். சில குழந்தைகளுக்குக் குடலில் நுண்ணிய ரத்தக் கசிவையும் உண்டாக்கும். ஒரு வயதுக்குப் பிறகு டம்ளரில் கொடுக்கலாம், அரை லிட்டரைத் தாண்டாமல். பாட்டில் வேண்டவே வேண்டாம்.

கடிப்பதற்கு வருகிறேன். உண்மையாகவே பால் உறிஞ்சும்போது நாக்கு கீழ்ப்பற்களை மூடியிருக்கும், கடிக்க முடியாது. வயிறு நிறைந்து விளையாட்டு தொடங்கும்போதுதான் கடி விழும். உறிஞ்சும் வேகம் குறைந்ததும் வாயோரத்தில் விரலை நுழைத்து எடுத்துவிடுங்கள். கத்தாதீர்கள். சில பயல்களுக்கு அந்தச் சத்தமே வேடிக்கையாகிவிடும், மறுபடியும் கடித்துப் பார்ப்பார்கள்.

வேலைக்குப் போவது தடையே இல்லை. காலையில் கிளம்பும் முன், மாலையில் வந்ததும், இரவில் என்று கொடுத்தால் போதும். பகலில் அவன் உணவும் தண்ணீருமாகச் சமாளிப்பான். முதல் சில வாரம் மார்பு கட்டிக்கொண்டால் வேலையிடத்தில் கையாலேயே பீய்ச்சி எடுங்கள். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பாலூட்ட இரண்டு இடைவேளை தரச் சட்டத்தில் இடமுண்டு, தயங்காமல் கேளுங்கள். இரவில் குடிப்பவன் என்பதால் படுக்கும் முன் பல்லைத் துடைத்துவிடுங்கள்.

என்றைக்காவது நிறுத்த வேண்டும் என்று உங்களுக்கே தோன்றினால் சில நாளுக்கு ஒரு வேளையாகக் குறைத்து வாருங்கள். ஒரேயடியாக நிறுத்தினால் பால் கட்டி, மார்பு சிவந்து, காய்ச்சலே வரலாம். இரண்டு மாதம் எடை நகராமல் நின்றாலோ, உள்ளங்கையும் கண் இமையின் உட்புறமும் வெளுத்திருந்தாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டி ஹீமோகுளோபின் பாருங்கள்.