ஆறு பேய்ப்படம், ஒரே நாள்: ஒன்றை விட்டுவிடுங்கள்

கேள்வி: எங்கள் ஊர்த் தியேட்டரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேய்ப்படங்கள் போடுகிறார்கள். காலை 10 மணிக்கு ஆரம்பம், இரவு 11.30-க்கு முடிவு, மொத்தம் ஆறு படங்கள், ஒரே டிக்கெட். பேய்ப்படம் என்றால் எனக்கு உயிர். ஆனால் தொடர்ந்து இரண்டுக்கு மேல் பார்த்ததில்லை. ரத்தத்தைக் கண்டால் எனக்குத் தலை சுற்றும்; ஒரு தடவை தியேட்டரிலேயே மயங்கியிருக்கிறேன். 16 வயதுத் தம்பியும் வருவேன் என்று அடம்பிடிக்கிறான். திரும்பும்போது நான்தான் வண்டி ஓட்ட வேண்டும். அன்றிரவு தூக்கம் வருமா என்ற பயம் வேறு. முழு நாளையும் எப்படித் தாக்குப்பிடிப்பது?

பதில்: ஆறையும் பார்க்காதீர்கள். ஐந்து பாருங்கள்.

டிக்கெட் எடுத்துவிட்டு ஒரு படத்தை விடுவதா என்று மனசு அடித்துக்கொள்ளும், தெரியும். நான் பல வருஷம் ஆபரேட்டர் ரூமில் இருந்தவன். பிறகு இதுபோன்ற முழுநாள் காட்சிகளுக்குப் படங்களை வரிசைப்படுத்திக் கொடுத்தவன். அந்த ரூமின் சின்னக் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தால் ஸ்கிரீனோடு சேர்த்து வரிசை வரிசையாகத் தலைகள் தெரியும். முதல் படத்தில் அலமாரிக் கதவு படாரென்று திறந்தால் அத்தனை தலையும் ஒரே வீச்சில் பின்னால் போகும். அரை நொடி கழித்துச் சிரிப்பு. ஐந்தாவது படத்திலும் அதேபோல ஒரு கதவு திறக்கும். நாலைந்து தலை அசையும், மற்ற இடங்களில் செல்போன் வெளிச்சம். படத்தின் மேல் தப்பில்லை. பயப்படுவதற்கு ஆட்களிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது.

திடுக்கிடுவது நாம் யோசித்துச் செய்வதல்ல. பெரிய சத்தம் கேட்டால் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள் இமை மூடத் தொடங்கிவிடும்; ‘இது வெறும் படம்’ என்று மூளை சொல்வதற்கு முன்பே வேலை முடிந்துவிடும். ஆனால் அதே ரக அதிர்ச்சி திரும்பத் திரும்ப வந்து, ஆபத்து மட்டும் வரவே இல்லை என்றால், நரம்புகள் அதைச் சட்டை செய்வதை நிறுத்திவிடும். பழகிப்போவது என்கிறோமே, அதுதான். பழையபடி கூர்மை வர வேண்டுமானால் அதிர்ச்சி இல்லாத ஓர் இடைவெளி வேண்டும். இன்டர்வெல் வரிசையில் நின்று திரும்பும் இருபது நிமிஷம் அதற்குப் பத்தாது.

எதை விடுவது? ஒரு படம் ஒன்றே முக்கால் மணி நேரம், நடுநடுவே அரை மணி, மதியம் ஒரு மணி நேரம் என்று கணக்குப் போட்டால் மூன்றாவது படம் 3 மணிக்குத் தொடங்கும். மதியம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அந்த நேரத்தில் உடம்பின் கடிகாரமே ஒரு தொய்வு காட்டும். ஏசியும் இருட்டும் சாய்வு சீட்டும் அதோடு சேர்ந்தால் எந்தப் பேயாலும் உங்களை எழுப்ப முடியாது. ஆகவே மூன்றாவதை விடுங்கள். அதுதான் நீங்கள் ஆசைப்பட்டுப் போகும் படம் என்றால் இரண்டாவதை விடுங்கள். கடைசியில் கைவைக்க வேண்டாம். கடைசிக்கென்று ஒன்றை நாங்கள் பொத்திப் பொத்தி வைத்திருப்போம். (வண்டி ஓட்டுபவருக்கு மட்டும் இதில் விதிவிலக்கு உண்டு. அதற்கு வருகிறேன்.)

விட்ட நேரத்தில் வெளியே வெளிச்சத்துக்கு வாருங்கள், நடங்கள். இடம் கிடைத்தால் 20 நிமிஷம் கண்ணயருங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஆழ்ந்து தூங்கி எழுந்தால் அடுத்த படத்தின் பாதிவரை மப்பாகவே இருக்கும். காலையில் உள்ளே போகும்போதே ஒன்றைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: வெளியே போனால் திரும்ப விடுவார்களா? சில இடங்களில் கையில் முத்திரை குத்துவார்கள், சில இடங்களில் பட்டை கட்டுவார்கள், சில இடங்களில் வெளியே போனால் போனதுதான்.

இனி உங்கள் மயக்கம். கோழைத்தனம் என்று யாராவது கேலி செய்வார்கள் என்று பலரும் இதை வெளியே சொல்வதில்லை. உண்மையில் பயத்துக்கும் இதற்கும் உடம்பில் நடப்பதே வேறு. பேயைக் கண்டு பயந்தால் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். ரத்தம், காயம், ஊசி இவற்றைக் கண்டால் சிலருக்கு மட்டும் முதலில் ஏறி, உடனே இரண்டும் மளமளவென்று இறங்கிவிடும். மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து கண் இருட்டும். அதனால் ‘உடம்பைத் தளர்த்திக்கோ, ஒண்ணும் ஆகாது’ என்று பக்கத்து சீட்காரர் சொல்லும் யோசனை இந்த இடத்தில் நேர் எதிரானது. நீங்கள் தளரக் கூடாது, இறுக்க வேண்டும்.

ஸ்வீடனின் உளவியலாளர் லார்ஸ்-ஜோரன் ஓஸ்ட் 1980-களில் இதற்கென்றே ஒரு பயிற்சியை வகுத்தார். கை முஷ்டி, தொடை, வயிறு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இறுக்குங்கள். 10 முதல் 15 நொடி, முகத்தில் சூடு ஏறுவது தெரியும்வரை. பிறகு சாதாரண நிலைக்கு வாருங்கள். துவண்டுபோய்ச் சாய வேண்டாம். 20, 30 நொடி கழித்து மறுபடி. இப்படி ஐந்து முறை. தியேட்டரில் போய் முதன்முதலாகச் செய்து பார்க்காமல் வீட்டில் ஒரு வாரமாவது தினமும் பழகிக்கொண்டு போங்கள். ஸ்கிரீனில் கத்தி வெளியே வந்ததுமே தொடங்கிவிடுங்கள், ரத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

அதையும் மீறிக் கொட்டாவி வந்து, உள்ளங்கை சில்லிட்டு, சத்தமெல்லாம் எங்கோ தூரத்தில் கேட்கிற மாதிரி ஆகிவிட்டதா? எழுந்து ஓடாதீர்கள். நான் பார்த்தவரை தியேட்டரில் மயங்கி அடிபட்டவர்கள் எல்லாரும் வெளியே போகும் அவசரத்தில் இருட்டுப் படிக்கட்டில் விழுந்தவர்கள்தான். சீட்டில் இருந்தபடியே தலையை முழங்கால்களுக்கு நடுவே தாழ்த்துங்கள். ரத்தத்தைப் பார்க்காமலும் மயக்கம் வருகிறது என்றாலோ, இதயக் கோளாறு இருந்தாலோ மருத்துவரைக் கேட்காமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

‘ரத்தமே உறைஞ்சுபோச்சு’ என்று சொல்கிறோமே, அது நிஜமா என்று நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் உண்மையாகவே சோதித்துப் பார்த்தார்கள். 24 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஒரு பேய்ப்படமும், ஒரு வார இடைவெளியில் பயமே இல்லாத ஒரு கல்விப் படமும் போட்டுக் காட்டி, முன்னும் பின்னும் ரத்தம் எடுத்தார்கள். பேய்ப்படத்துக்குப் பிறகு, ரத்தம் உறைய உதவும் ‘காரணி 8’ என்ற புரதம் கூடியிருந்தது. ஆனால் உறைதல் நடந்ததற்கான அடையாளம் இல்லை. 2015-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் கிறிஸ்துமஸ் இதழில் வந்த ஆய்வு அது. கொஞ்சம் வேடிக்கையாகவும் அறிவியல் எழுதுவார்கள் அந்த இதழில்.

ஆகவே பேயால் ரத்தம் உறையாது. 13 மணி நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்காருவதுதான் கவனிக்க வேண்டியது. நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்பவர்களுக்குக் கால் சிரைகளில் ரத்தக்கட்டி வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் சொன்னது. அரிதான விஷயம்தான். ஆனால் இது தியேட்டர் சீட்டா, விமான சீட்டா என்று உங்கள் கெண்டைக்காலுக்குத் தெரியாது. ஒவ்வொரு இடைவேளையிலும் எழுந்து நடங்கள். படம் ஓடும்போது குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள்.

அதற்காகவும் உங்கள் மயக்கத்துக்காகவும் நடைபாதை ஓர சீட் வாங்குங்கள். ஸ்கிரீனிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, ஆனால் சுவரை ஒட்டி வேண்டாம். சரவுண்ட் ஸ்பீக்கர் காதுக்கு நேர் மேலே இருக்கும். தியேட்டர் ஒலியின் தர அளவுப்படி ஸ்கிரீனுக்குப் பின்னால் உள்ள ஒரு ஸ்பீக்கர் உச்சத்தில் 105 டெசிபல் வரை போகலாம். அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்கோ 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கலாம், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாகக் குறை என்கிறது. ஒரு படத்துக்கு இது பெரிய விஷயமல்ல. உச்சம் நொடிக்கணக்கில்தான் வரும். பேய்ப்படத்தில் அந்த நொடிகள் அதிகம், அன்றைக்கு ஐந்து படம். சட்டைப்பையில் ஒரு ஜோடி இயர்பிளக் இருக்கட்டும். வெளியே வந்ததும் காதுக்குள் ‘ஙொய்’ என்று கேட்டால் அடுத்த படத்துக்கு அதை மாட்டிக்கொண்டே உட்காருங்கள். வசனம் கேட்காமல் போகாது.

மற்றவை சில்லறை விஷயங்கள். முழுக்கைச் சட்டை எடுத்துப் போங்கள், மாலைக்கு மேல் ஏசி கடிக்கும். கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம், கண்ணாடி போடுங்கள். ஸ்கிரீனையே உற்றுப் பார்க்கும்போது இமைப்பது குறைந்து கண் காய்ந்துவிடும். தண்ணீரைப் படம் முடிந்ததும் குடியுங்கள், தொடங்குமுன் அல்ல. காபி மாலை 5 மணியோடு சரி. படுப்பதற்கு 6 மணி நேரம் முன்னால் குடித்த காபியே ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கத்தைத் தின்றுவிடுகிறது என்று 2013-இல் ஓர் ஆய்வு காட்டியது. அவர்கள் கொடுத்தது 400 மில்லிகிராம் காஃபீன், கொஞ்சம் பெரிய அளவுதான். ஆனால் இப்படிப்பட்ட நாளில் மூன்று நான்கு கப் உள்ளே போவது எளிது.

வண்டிக்கு வருகிறேன். காலை 6 மணிக்கு எழுந்தால் இரவு 11 மணிக்கு நீங்கள் 17 மணி நேரம் விழித்திருப்பீர்கள். அந்த நிலையில் கவனமும் கையின் வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவருக்கு எப்படி இருக்குமோ அப்படி இருக்கும் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். பேய்ப்படத்தில் இன்னொரு சிக்கல்: கடைசிப் படம் தந்த படபடப்பில் தூக்கமே இல்லாத மாதிரி தோன்றும். வண்டி எடுத்துப் பத்து நிமிஷத்தில் அது இறங்கிவிடும், அப்போது நீங்கள் நடுரோட்டில் இருப்பீர்கள். அழைத்துப்போக யாராவது வந்தால் அதற்கு ஈடில்லை. இல்லையென்றால் அன்று காலை 8 மணிவரை தூங்கிவிட்டு, மதியத் தூக்கத்தையும் விடாமல் போங்கள். இரண்டும் முடியாது என்றால் நான் மேலே சொன்னதை மாற்றிக்கொள்கிறேன்: மூன்றாவதைப் பாருங்கள், ஆறாவதை விட்டுவிட்டு 9.30-க்கே கிளம்புங்கள்.

தம்பி விஷயத்தில் ஒன்று. ஆறு படங்களின் தணிக்கைச் சான்றிதழையும் தனித்தனியாகப் பாருங்கள். ஏதாவது ஒன்று வயது வந்தோருக்கு மட்டும் என்றிருந்தால் அந்தப் படத்துக்கு அவனை உள்ளே விட மாட்டார்கள். அப்படி ஒன்றே ஒன்றுதான் என்றால் உங்களுக்கு வேலை மிச்சம், விட வேண்டிய படம் அதுதான். அவனுக்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால், வெளிச்சம் படபடவென்று மின்னும் காட்சிகள் ஆகாது. அந்த நேரத்தில் கண்ணை மூடினால் போதாது, இமையைத் தாண்டியும் வெளிச்சம் போகும். ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுக்க மூடி முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொல்லுங்கள். அவனோடு வீட்டிலேயே முன்கூட்டி ஒன்று பேசி வையுங்கள்: ‘வெளியே போகலாம்’ என்று அவன் சொன்னால் நீங்கள் காரணம் கேட்கக் கூடாது. பதினாறு வயசுப் பையன்கள் பயந்ததை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், பசிக்கிறது என்பார்கள்.

கடைசியாகத் தூக்கம். படுத்ததும் ஏதோ ஒரு முகம் கண்முன் வந்து நின்றால், இதற்கும் ஒரு வழி உண்டு. 2009-இல் ஆக்ஸ்ஃபோர்டில் 40 பேருக்குக் கோரமான காயம், சாவுக் காட்சிகளைப் போட்டுக் காட்டி, அரை மணி நேரம் கழித்துப் பாதிப் பேரை மட்டும் 10 நிமிஷம், மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் என்ற கேமை விளையாட வைத்தார்கள். அடுத்த ஒரு வாரத்தில் அந்தக் காட்சிகள் தானாக மனசில் வந்துபோவது அவர்களுக்குக் குறைவாக இருந்தது. பார்த்ததை நினைவில் படமாகப் பதித்துக்கொள்ளும் அதே இடத்தை, கட்டைகளைத் திருப்பித் திருப்பி அடுக்கும் வேலை பிடித்துக்கொள்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டுப் பத்து நிமிஷம் ஆடுங்கள். போன் உங்களுடையதாக இருந்தால் முதல் ஆட்டம் தம்பிக்கு.