இரண்டாவது குழந்தை எடையோடு பிறக்க என்ன செய்யலாம்?

ஏற்காடு மலைக்கிராமத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மனைவி காபித் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கிறாள். முதல் குழந்தை 2.1 கிலோதான். இப்போது மறுபடி மூன்றாம் மாதம். செக்கப்புக்குச் சேலம் இறங்கினால் இரண்டு பேர் கூலியும் போய்விடுகிறது. ஐந்தாம் மாதத்திலிருந்து காட்டினால் போதாதா?"

போதாது. 2.5 கிலோவுக்குக் கீழே பிறந்தாலே எடை குறைந்த குழந்தைதான். முதல் குழந்தை அப்படியென்றால் அடுத்ததற்கும் அந்த வாய்ப்பு அதிகம். 12 வாரம் தாண்டுவதற்குள், இந்த வாரமே பதிந்துவிடுங்கள். அதற்குச் சேலம் இறங்க வேண்டாம். கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னாலே போதும். ஆரம்ப ஸ்கேனில்தான் பிரசவ நாள் சரியாகத் தெரியும். அது இல்லாவிட்டால், பிறகு வயிறு சிறுத்திருக்கும்போது குழந்தை வளரவில்லையா, நாள்கணக்கு தப்பா என்று குழம்ப வேண்டிவரும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் சீக்கிரம் பதிவது அவசியம்.

ஆனால் செக்கப்புக்குப் போய்வந்ததாலேயே குழந்தைக்கு எடை கூடிவிடாது. ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருக்கிறதா, பிரஷர் ஏறுகிறதா, சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு வீட்டில் நடப்பதுதான் முக்கியம். தோட்டத்து வீடுகளில் நான் அடிக்கடி பார்ப்பது, சத்து மாத்திரையை விழுங்கிய கையோடு ஒரு டம்ளர் வரக்காப்பி. காபி இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மாத்திரையோடு உங்கள் மலையில் விளையும் ஆரஞ்சு, கொய்யா சாப்பிடலாம். கால்சியம் மாத்திரையை வேறு வேளையில் போடட்டும். மலம் கறுத்துப் போனால் பயந்து நிறுத்திவிடாதீர்கள், அது இரும்பின் நிறம்.

உங்களிடம் ஒன்று நேராகவே கேட்கிறேன். வீட்டில் கடைசியாகச் சட்டியை வழித்துச் சாப்பிடுவது யார்? உங்கள் மனைவி என்றால் அதை முதலில் மாற்றுங்கள். அங்கன்வாடி சத்துமாவு அவருக்கு மட்டும்தான். நிறையச் சாப்பிட்டால் குழந்தை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்று பெரியவர்கள் சொன்னால் அதைக் கேட்டுச் சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம். தண்ணீர்க் குடம், விறகு, காபி மூட்டையை நீங்கள் தூக்குங்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிற்கட்டும்.

கூலி போகிறது என்பது நியாயமான கவலை. பெரிய எஸ்டேட் என்றால், பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தாலே சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு சட்டப்படி உண்டு. மேஸ்திரியிடம் இப்போதே பேசுங்கள், வேலை நாள் கணக்கையும் குறித்து வையுங்கள்.

முகம் வீங்கினாலோ, விடாத தலைவலி, கண் மங்கல், ரத்தப்போக்கு இருந்தாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.