ஒரு லப்டொப்பில் மூன்று நோட்

வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு ஒரே சிக்கலைச் சுற்றி நிற்கின்றன: ஒரு கணினி, ஒரே கருவி, ஆனால் வேலைக்கு வேலை வேறு வேர்ஷன். அதனால் நான்கையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்கா, நான் அறிவியல் நகரில் பொறியியல் பீடத்தில் படிக்கிறேன். இறுதி ஆண்டு புரொஜெக்ட்டுக்கு நோட் 20 (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் கருவி) வேண்டும். போன வருடம் குழுவாகச் செய்த வேலை நோட் 16 இல்தான் ஓடும். என்விஎம் (நோட் வேர்ஷன்களை மாற்றித் தரும் கருவி) போட்டு இரண்டையும் இறக்கினேன். ஆனால் வேர்ஷன் கேட்டால் சில நேரம் 20 என்கிறது, சில நேரம் 12 என்கிறது. 12 ஐ நான் போடவே இல்லை. அது எங்கிருந்து வருகிறது?

பதில்: தங்கச்சி, 12 என்றதும் உங்களுடையது அநேகமாக உபுண்டு 22.04 (லினக்ஸ் இயங்குதளம்) ஆக இருக்கும். அதன் களஞ்சியத்தில் உள்ள நோட் அதுதான். நீங்கள் கேட்டுப் போடாவிட்டாலும், உபுண்டுவின் பொதி நிறுவியான ஏப்டி வழியாக வேறு எதையோ போடும்போது கூடவே வந்திருக்கும். அது /யூஎஸ்ஆர்/பின் என்ற இயங்குதளக் கோப்புறையில் இருக்கிறது. என்விஎம் இறக்கியவை உங்கள் ஹோம் கோப்புறைக்குள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பெயர் மட்டும் ஒன்று.

டெர்மினல் என்ற கட்டளைச் சாளரத்தில் நோட் என்று எழுதி எண்டர் தட்டியதும், பாத் என்ற பட்டியலில் உள்ள கோப்புறைகளை ஷெல் (கட்டளையை வாங்கி ஓட்டும் நிரல்) வரிசையாகப் பார்த்துக்கொண்டு போகும். கடைக்கு அனுப்பிய பிள்ளை முதற்கடையில் சாமான் இருந்தால் வாங்கிக்கொண்டு திரும்பிவிடும். அடுத்த கடையில் இதைவிட நல்லது இருக்கிறதா என்று பார்க்காது. ஷெல்லும் அப்படித்தான். 'டைப் -ஏ நோட்' என்று கேட்டுப் பாருங்கள். பட்டியலில் அகப்படுகிற நோட் எல்லாம் இருக்கிற இடத்தோடு வரிசையாக வரும். முதலில் நிற்பதுதான் ஓடுகிறது.

சரி, ஏன் சில நேரம் மட்டும் 12? முன்னால் சூடோ (நிர்வாகி உரிமையோடு ஓட்டும் கட்டளை) சேர்த்து ஓட்டினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். சூடோவுக்கென்று தனியான பாத் பட்டியல் உண்டு. அதில் உங்கள் ஹோம் கோப்புறை இருக்காது. இன்னொரு காரணம், என்விஎம் என்பது ஷெல் திறக்கும்போது டொட் பாஷ்ஆர்சி கோப்பிலிருந்து ஏறுகிற ஒன்று. குரோன் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டுவது) போன்றவை அந்தக் கோப்பை வாசிப்பதில்லை. ஆகவே நோட்டுக்கான பொதிகளை இறக்கும் என்பிஎம் வழியாக எதைப் போட்டாலும் சூடோ சேர்க்காதீர்கள். என்விஎம் இருக்கும்போது அது தேவையே இல்லை. 12 ஐ ஏப்டி வழியாகவே எடுத்துவிடுங்கள். அதை நம்பி வேறு பொதிகள் இருந்தால் அவையும் போகும் என்று காட்டும். 'யெஸ்' சொல்லுமுன் அந்தப் பட்டியலை வாசியுங்கள்.

அப்புறம் முக்கியமான வேலை. ஒவ்வொரு புரொஜெக்ட்டின் தலைக்கோப்புறையிலும் டொட் என்விஎம்ஆர்சி என்றொரு கோப்பு வையுங்கள். உள்ளே ஒரே வரி: ஒன்றில் 20, மற்றதில் 16. கோப்புறைக்குள் போய் 'என்விஎம் யூஸ்' என்றால் போதும், அந்த வரியை வாசித்து அந்த டெர்மினலுக்கு மட்டும் மாற்றிவிடும். 20 என்று மட்டும் எழுதினால் உங்களிடம் உள்ள 20 களில் ஆகப் புதியதை எடுக்கும். நான் 20.11.1 என்பதுபோல மூன்று எண்களையும் எழுதுவேன். அந்தக் கோப்பை கிட்டில் (நிரல் கோப்புகளைச் சேமித்துப் பகிரும் கருவி) ஏற்றவும் மறக்காதீர்கள். டேட்டாவை நினைத்துத் தயங்க வேண்டாம், ஒரு நோட் இறக்க ஏறக்குறைய 25 எம்பிதான் போகும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2020 இல் பரந்தன் பக்கம் ஒரு நெல் ஆலைக்கு ரசீது அடிக்கிற மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். அப்போது நோட் 14. 2023 மாசியில் ரசீதில் ஈரப்பத வீதத்துக்கு ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னார்கள். சின்ன வேலை. ஆனால் இடையில் லப்டொப் மாறிவிட்டது, புதியதில் நோட் 18. பில்ட் செய்தால் (நிரலை ஓடக்கூடிய வடிவில் கட்டினால்) 'டிஜிட்டல் என்வலப் ரூட்டீன்ஸ், அன்சப்போர்ட்டட்' என்று நின்றுவிட்டது. நான் எழுதியதில் ஒரு எழுத்தும் மாறவில்லை. நோட் 17 இலிருந்து உள்ளே ஓபன்எஸ்எஸ்எல் 3 என்ற மறையாக்க நூலகம் வந்துவிட்டது. பில்ட் செய்ய நான் பயன்படுத்திய வெப்பேக் 4 கேட்கிற பழைய எம்டி4 ஹாஷை (கோப்புக்குச் சுருக்க அடையாளம் போடும் முறை) அது தருவதில்லை. அது எனக்கு இரண்டாம் நாள் இரவுதான் விளங்கியது. காலபோக அறுவடை நேரம். ஆலை வாசலில் லாண்ட்மாஸ்டர்கள் வரிசையாக நிற்க, கணக்கர் சி.ஆர். கொப்பியில் மூட்டைக் கணக்கைக் கையால் எழுதிக்கொண்டிருந்தார். விளங்கிய பிறகு என்விஎம் வழியாக 14 ஐ இறக்கி பில்ட் செய்ய ஐந்து நிமிடம்கூடப் போகவில்லை. '14' என்று ஒரு வரி அந்தக் கோப்புறையில் இருந்திருந்தால் அவருக்கு அந்த இரண்டு நாள் வேலை இல்லை.

ஒன்று மட்டும் கவனம். நோட் 16 க்கான பராமரிப்பு 2023 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. பழைய வேலையை உங்கள் லப்டொப்பில் ஓட்டிக் காட்டலாம். இணையத்தில் திறந்துவிடுவதானால் முதலில் வேர்ஷனை உயர்த்துங்கள்.

கேள்வி: அக்கா, புதுக்குடியிருப்பிலிருந்து எழுதுகிறேன். உபுண்டு 22.04. ஒரு பாடநெறிக்கு பைதன் 3.12 தேவைப்பட்டது. வீடியோ ஒன்றைப் பார்த்து, பைதன்3 என்றால் 3.12 வருமாறு மாற்றினேன். இப்போது டெர்மினல் திறக்கவே இல்லை. ஐகனை அழுத்தினால் கொஞ்ச நேரம் சுற்றுகிறது, அவ்வளவுதான். எல்லாவற்றையும் அழித்துத் திரும்பப் போட வேண்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி, ஒன்றையும் அழிக்காதீர்கள். கன்ட்ரோல், ஓல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரை வந்து பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். கடவுச்சொல் அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது, பயப்படாமல் அடியுங்கள். அப்டேட்-ஓல்டர்னேட்டிவ்ஸ் என்ற கட்டளை வழியாக மாற்றியிருந்தால், அதே கட்டளையை சூடோவுடன் கொன்ஃபிக் தெரிவு போட்டு ஓட்டி 3.10 ஐத் தெரிவு செய்யுங்கள். எல்என் என்ற இணைப்பு வைக்கும் கட்டளையால் மாற்றியிருந்தால், அதே கட்டளையால் பைதன்3 இணைப்பைத் திரும்ப 3.10 பக்கம் திருப்புங்கள். பிறகு கன்ட்ரோல், ஓல்ட், எஃப்2 அழுத்தினால் பழைய திரை வரும்.

நடந்தது என்னவென்றால், உபுண்டு 22.04 இல் அந்த டெர்மினலைத் திறப்பதே ஒரு சிறிய பைதன் நிரல். ஏப்டியோடு சேர்ந்த சில கருவிகளும் பைதன்தான். அவற்றுக்கு வேண்டிய துணை நூலகங்கள் 3.10 க்காகக் கட்டப்பட்டவை. பெயர்ப்பலகையை 3.12 க்கு மாற்றியதும் அவை அங்கே போய்த் தேடி, கிடைக்காமல் விழுந்துவிட்டன. /யூஎஸ்ஆர்/பின் க்குள் இருக்கிற பைதன் இயங்குதளத்தின் சொத்து. அதை அதனிடமே விட்டுவிடுங்கள்.

உங்கள் 3.12 ஐ ஹோம் கோப்புறைக்குள் தனியாக வைத்துக்கொள்ள யூவி என்ற கருவியைச் சொல்வேன். 'யூவி பைதன் இன்ஸ்டோல் 3.12' என்றால் கட்டி முடித்த பைதனை இறக்கித் தந்துவிடும். பைஎன்வியும் நல்ல கருவிதான், நான் பல வருடம் அதைத்தான் வைத்திருந்தேன். ஆனால் அது மூலத்திலிருந்து உங்கள் கணினியிலேயே பைதனைக் கட்டும். அதற்கு முன் லிப்எஃப்எஃப்ஐ, எஸ்கியூலைட் போன்ற நூலகங்களின் டெவ் (கட்டுவதற்கு வேண்டிய) பொதிகள் இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் பைதன் பெரும்பாலும் கட்டப்பட்டுவிடும். பிறகு ஒருநாள் எஸ்கியூலைட்டை இம்போர்ட் செய்யும்போதுதான் அது இல்லை என்று தெரியவரும். தொடங்குகிறவருக்கு அந்தத் தலையிடி வேண்டாம்.

கேள்வி: வவுனியாவில் ஆறு பேர் சேர்ந்து வேலை செய்கிறோம். நோட், பைதன், ஜாவா, டெராஃபோர்ம் (சேர்வர்களை அமைக்கும் கருவி) நான்குக்கும் தனித்தனி வேர்ஷன் மனேஜர். ஒன்றாக்கலாம் என்று பார்க்கிறோம். ஏஎஸ்டிஎஃப் நல்லதா, மீஸ் நல்லதா?

பதில்: புதிதாகத் தொடங்குவதால் மீஸ். ஏஎஸ்டிஎஃப் கருவியின் பெயருக்கு ஒரு சிறிய இடையாள் நிரலை வைக்கும். ஒவ்வொரு தடவையும் அது எந்த வேர்ஷன் என்று பார்த்து அனுப்பும். மீஸ் நீங்கள் கோப்புறை மாறும்போதே பாத் பட்டியலை மாற்றிவிடுகிறது. 'டைப் -ஏ' போட்டால் உண்மையான இடமே தெரியும், பிழை தேடும்போது அது பெரிய உதவி. மீஸ் முன்பு ஆர்டிஎக்ஸ் என்ற பெயரில் இருந்தது, 2024 இல்தான் பெயர் மாறியது; பழைய குறிப்புகளில் அந்தப் பெயரைக் கண்டால் இதுதான். ஏஎஸ்டிஎஃப் வேர்ஷன்களை எழுதிவைக்கிற டொட் டூல்-வேர்ஷன்ஸ் கோப்பையும் வாசிக்கும் என்பதால் ஆறு பேரும் ஒரே நாளில் மாற வேண்டியதில்லை. உங்கள் பில்ட் சேர்வரும் அந்தக் கோப்பையே வாசிக்கட்டும். சேர்வரில் தனியாக ஓர் எண் எழுதினால் இரண்டு எண்களும் ஒருநாள் பிரிந்துவிடும்.

கேள்வி: நான் மல்லாவிப் பக்கம் ஒரு பாடசாலையில் ஐசிடி கற்பிக்கிறேன். ஆய்வுகூடத்தில் பாதிக் கணினிகள் விண்டோஸ் 7, பைதன் 3.8. மற்றவை விண்டோஸ் 10, பைதன் 3.11. உயர்தரப் பிள்ளை ஒருவர் மட்ச் கூற்று வைத்து எழுதிக்கொண்டு வந்தார். ஒரு கணினியில் ஓடியது, பக்கத்துக் கணினியில் பிழை காட்டியது. எல்லாவற்றிலும் 3.11 போட முடியுமா?

பதில்: ஐயா, விண்டோஸ் 7 இல் முடியாது. அதில் ஓடுகிற கடைசிப் பைதன் 3.8 தான். மட்ச் கூற்று 3.10 இல்தான் வந்தது, ஆகவே அந்தப் பிள்ளையின் நிரலில் தவறு இல்லை. அதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.

செய்யக்கூடியது, எல்லாக் கணினியிலும் ஒரே 3.8 இல் எழுதிப் பழக, விண்டோஸ் 10 கணினிகளில் 3.11 க்குப் பக்கத்திலேயே 3.8 ஐயும் நிறுவுவது. இரண்டும் ஒன்றையொன்று குழப்பாது. பைதன்.ஓஆர்ஜி தளத்து நிறுவியோடு 'பை' என்றொரு சிறிய ஏவி வரும். கட்டளைச் சாளரத்தில் 'பை -0' என்றால் என்னென்ன இருக்கிறது என்று காட்டும். 'பை -3.8' என்று எழுதி நிரலின் பெயரைக் கொடுத்தால் 3.8 இல் ஓடும். நிரலின் முதல் வரியில் ஹாஷ் குறி, ஆச்சரியக்குறி, அடுத்து பைதன்3.8 என்று எழுதிவைத்தால், பை அந்த வரியை வாசித்து அதையே எடுக்கும். ஆனால் பைதனோடு வரும் ஐடில் என்ற நிரல் எழுதும் சாளரத்தில் எஃப்5 அழுத்துகிற பிள்ளைகளுக்கு அந்த வரி உதவாது. எந்தப் பைதனின் ஐடிலைத் திறந்தார்களோ அதில்தான் ஓடும். திரை முகப்பில் 3.8 இன் ஐடில் ஐகனை மட்டும் விட்டு, மற்றதை எடுத்துவிடுங்கள்.