விற்ற பைக்குக்கு வரும் அபராதம்: கட்டுவதா, மறுப்பதா?

கேள்வி: என் மோட்டார் சைக்கிளை 2023-ஆம் ஆண்டு ஒரு தரகர் மூலம் விற்றேன். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டு, ஆர்.சி. புத்தகத்தையும் கொடுத்துவிட்டேன். பணம் என் வங்கிக் கணக்குக்கு வந்தது. வாங்கியவர் இதுவரை பெயர் மாற்றவில்லை. இப்போது ஹெல்மெட் அணியாததற்கு இரண்டு, சிக்னலை மீறியதற்கு ஒன்று என மூன்று அபராதக் குறுஞ்செய்திகள் எனக்கு வந்துள்ளன. வாட்ஸ்அப்பிலும் யாரோ ஒரு கோப்பு அனுப்பி, உடனே கட்டச் சொல்கிறார்கள். தொகை பெரிதில்லை, ஆன்லைனில் கட்டி முடித்துவிடலாமா? வாங்கியவரின் கைபேசி எண் என்னிடம் இருக்கிறது.

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். முதலில் பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த கோப்பைத் திறக்கவே வேண்டாம். அபராத அறிவிப்பு என்ற பெயரில் ஏபிகே கோப்புகளை (கைபேசியில் செயலியை நிறுவும் கோப்புகள்) அனுப்பி, அதை நிறுவியவர்களின் கைபேசிக்குள் புகுந்து வங்கிப் பணத்தை எடுக்கும் மோசடி நாடு முழுவதும் நடக்கிறது. அபராதத்தைக் கட்ட எந்தச் செயலியையும் அப்படி நிறுவத் தேவையில்லை. ஏற்கெனவே நிறுவியிருந்தால் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, வேறொரு கைபேசியிலிருந்து வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே தெரிவியுங்கள்.

உண்மையான விவரம் மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் (மின்னணு அபராத அறிவிப்பு) தளத்தில் இருக்கும். செய்தியில் வந்த இணைப்பைத் தொடாமல் முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். அது ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிய வேண்டும். சலான் எண், வாகன எண், ஓட்டுநர் உரிம எண் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைக் கொண்டு தேடலாம். வாகன எண்ணைக் கொண்டு தேடினால் சேசிஸ் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களையும் கேட்கும். ஆர்.சி.யின் நகலோ பழைய காப்பீட்டுச் சான்றோ இருந்தால் அதில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு சலானிலும் தேதி, நேரம், இடம், புகைப்படம் நான்கையும் நிதானமாகப் பாருங்கள். தேதி விற்பனைக்கு முந்தையதாக இருந்தால் அது உங்கள் பொறுப்பு, தாமதமின்றிக் கட்டிவிடுங்கள். படத்தில் இருக்கும் வண்டி உங்களுடையதுதானா என்பதையும் கவனியுங்கள். நிறமோ மாடலோ மாறியிருந்தால், உங்கள் எண்ணை வேறொருவர் போலியாகப் பொருத்தியிருக்கலாம். அது காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டிய தனி விவகாரம். எல்லாவற்றையும் படத்துடன் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பனைக்குப் பிந்தைய சலான்களை ஏன் கட்ட வேண்டாம் என்கிறேன்? கட்டிய கணத்தில் அந்தக் குற்றத்தை நீங்கள் ஏற்றுக்கொண்டதாகக் கோப்பு முடிந்துவிடும். பிறகு மறுக்க வழியில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194டி பிரிவு, ஹெல்மெட் அணியாதவருக்கு 1,000 ரூபாய் அபராதத்தோடு நிற்பதில்லை, மூன்று மாத உரிமத் தகுதி நீக்கத்தையும் சொல்கிறது. பல குற்றங்களுக்கு இரண்டாம் முறை அபராதம் கூடுகிறது. வேறொருவர் செய்ததை உங்கள் பெயரில் ஏன் சேர்த்துக்கொள்ள வேண்டும்?

ஹெல்மெட் அணியும் கடமை வண்டியில் செல்பவருக்கு உரியது. கேமராவுக்கு ஓட்டியவர் யாரென்று தெரியாததால், பதிவில் இருக்கும் பெயருக்கு அறிவிப்பு வருகிறது. வண்டி யார் கையில் இருந்தது என்று காவல்துறை கேட்டால், 133-ஆம் பிரிவின்படி உரிமையாளர் தனக்குத் தெரிந்ததைச் சொல்லியாக வேண்டும். உங்களுக்கு அது பாதுகாப்புதான். வாங்கியவரின் பெயர், முகவரி, விற்பனைக் கடிதம், பணம் வந்த வங்கிப் பதிவு ஆகியவற்றை இணைத்து, சலான் போட்ட போக்குவரத்துக் காவல் பிரிவுக்கு எழுதுங்கள். சலான் தளத்திலேயே குறைதீர் பகுதியும் உண்டு. சலான் இணைய நீதிமன்றத்துக்குப் போயிருந்தால், அங்கே அபராதத்தைக் கட்டவும் வழக்கை எதிர்கொள்ளவும் தனித்தனி வாய்ப்புகள் இருக்கும். எதிர்கொள்வதாகத் தெரிவித்தால் வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும்; நீங்களோ உங்கள் வழக்கறிஞரோ ஆஜராக வேண்டும். எதையும் செய்யாமல் கிடப்பில் போடுவதுதான் தவறு. சம்மன் வரை போகக்கூடும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அபராதம் அன்று. வண்டி இன்னும் உங்கள் பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது. சட்டத்தின் பார்வையில், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் வாகனம் பல கைகள் மாறியிருந்தும், விபத்து நடந்த நாளில் பதிவு முதலாமவர் பெயரிலேயே இருந்ததால் இழப்பீட்டுப் பொறுப்பு அவர்மீது விழுந்தது. இன்று அந்த பைக் காப்பீடு இல்லாமல் ஒருவர்மீது மோதினால், லட்சக்கணக்கில் வரக்கூடிய இழப்பீட்டுக்கு உங்கள் வாசலில்தான் வந்து நிற்பார்கள். படிவங்களில் கையெழுத்திட்டுத் தரகரிடம் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவின்படி, அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் விற்றவரே பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாட்கள் அவகாசம்.

அவகாசம் கடந்துவிட்டாலும் இப்போதாவது தெரிவியுங்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு, விற்பனை ஆவணங்களின் நகல்களோடு போய்ச் சேர்ந்ததற்கான சான்றுடன் விரைவுத் தபால் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். தாமதத்துக்கு ஒரு தொகை கேட்டால் கட்டிவிடுங்கள். அந்தச் செலவு நியாயமானது.

நிலுவை அபராதங்கள் இருந்தால் பெயர் மாற்றம் தடைபடலாம். கட்டினால்தான் மாற்றம் நடக்கும் என்ற நிலை வந்தால், வாங்கியவரையே கட்டச் சொல்லுங்கள். அவர் மறுத்து, நீங்களே கட்ட நேர்ந்தால், மேலே சொன்ன கடிதங்கள் போய்ச் சேர்ந்த பிறகு கட்டுங்கள். ரசீதைக் காட்டித் தொகையை அவரிடம் கேட்கலாம். வங்கியில் பணம் கழிந்தும் சலான் நிலுவையென்றே காட்டினால், அவசரப்பட்டு மறுமுறை கட்டாமல், தளத்தில் பரிவர்த்தனை நிலையைச் சரிபார்க்கும் பகுதியில் பாருங்கள்.

வாங்கியவரின் எண் கையில் இருப்பது உங்கள் நல்ல நேரம். இன்றே அழைத்துப் பேசுங்கள். காப்பீடு நடப்பில் இருக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள். பேசியதை அன்றே ஒரு குறுஞ்செய்தியாகவும் எழுதி அனுப்பிவிடுங்கள். 15 நாட்களில் பெயர் மாற்றவில்லையென்றால் வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பி, அதன் நகலை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் கொடுத்துவிடுங்கள்.