லெக்சஸ் ஆர்எக்ஸ் 350எச் ஹைபிரிட் கார் ஹைவேயில் ஏறும்போது இரைவது பழுதா?

பழுது இல்லை. இரண்டு வண்டியையும் ஓட்டிப் பார்த்தபோது, ஹைவேயில் ஏறும் ரேம்ப்பில் அழுத்தி மிதித்ததும் ஹைபிரிட் (350எச், பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் உள்ளது) கத்தியது, பெட்ரோலில் மட்டும் ஓடும் 350 அப்படிக் கத்தவில்லை என்கிறீர்கள். காரணம் கியர் அமைப்பு.

ஆர்எக்ஸ் 350-இல் 2.4 லிட்டர் டர்போ இன்ஜின், 8 கியர் ஆட்டோமேட்டிக். கியர் மாற மாறச் சத்தம் ஏறி இறங்கும், காதுக்கு அது பழகிய விஷயம். 350எச்-இல் படிப்படியான கியரே கிடையாது. 2.5 லிட்டர் இன்ஜினும் மோட்டார்களும் பிளானட்டரி கியர் (நடுப் பல்சக்கரத்தைச் சுற்றிச் சிறு பல்சக்கரங்கள் உள்ள அமைப்பு) வழியாகச் சேர்ந்து வேலை செய்கின்றன. முழுசாக மிதித்தால் இன்ஜின் சட்டென்று உச்சத்துக்குப் போய் அங்கேயே நிற்கும், வண்டி அதற்குப் பிறகுதான் வேகம் பிடிக்கும்.

மறுபடி ஓட்டிப் பாருங்கள்:

1. அதே ரேம்ப், பாதி மிதி மட்டும். இரைச்சல் நன்றாகக் குறைய வேண்டும். குறையாவிட்டால் டீலரிடம் கேளுங்கள்.
2. சிக்னலில் மெதுவாக பிரேக் பிடித்து நிறுத்துங்கள். கடைசி சில அடிகளில் மின் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடிப்பதிலிருந்து சாதாரண பிரேக்குக்கு மாறுவது பாதத்தில் தெரிகிறதா? எனக்கு இதுதான் சத்தத்தைவிட முக்கியம். தினமும் நூறு தடவை மிதிக்கப் போவது பிரேக்கைத்தான்.

இரண்டு வண்டியிலும் சக்கர அளவு ஒன்றுதானா என்று பாருங்கள். ஒன்றில் 19 அங்குலம், மற்றதில் 21 என்றால் ஒப்பீடே கெட்டுவிடும்.

அப்புறம், மைலேஜ். 2023 மாடலுக்கு இபிஏ (அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை) கணக்கில் நகரத்தில் ஹைபிரிட் கேலனுக்கு 37 மைல், நால்சக்கர இயக்கமுள்ள 350 வெறும் 21. ஹைவேயில் ஹைபிரிட் 34, 350 28, வித்தியாசம் அவ்வளவுதான். உங்கள் ஓட்டம் பெரும்பாலும் ஹைவே என்றால் சேமிப்பு நீங்கள் நினைக்கும் அளவுக்கு வராது.