அண்ணாவின் வேனும் அந்த மூன்று தவணையும்

கேள்வி: களுவாஞ்சிகுடியில் அரச பாடசாலை ஆசிரியையாக இருக்கிறேன். கணவருக்குப் பிரதேச சபையில் வேலை. பிடிப்புகள் போக இருவருக்கும் சேர்த்துக் கையில் 1,60,000 ரூபா வருகிறது. வீடு திருத்த எடுத்த வங்கிக் கடனுக்கு அதில் 31,000 போய்விடும். இரண்டு பிள்ளைகள், மாமியும் எங்களோடுதான். முழங்கால் வருத்தத்தால் மாமிக்கு பஸ் ஏற முடியாது. மாதம் இரண்டு தடவை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டும். அதற்கும் மற்ற ஓட்டங்களுக்குமாக வாடகை வேனுக்கே மாதம் 22,000 அளவில் முடிகிறது. சேமிப்பு 18 இலட்சம் இருக்கிறது.

என் அண்ணா கட்டாருக்குப் போகப்போகிறார். லீசிங்கில் ஓடும் அவருடைய டீசல் வேனை, கையில் 15 இலட்சம் தந்து, இனி இருக்கும் 38 தவணையையும் (மாதம் 62,000) கட்டி எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். எல்லாம் முடிந்ததும் பெயர் மாற்றலாமாம். அவருக்குக் கை இறுக்கமாக இருந்ததால் போன மூன்று தவணையையும் நாங்களே கட்டினோம். மூன்றாவதுக்குக் காப்பை அடகு வைக்க வேண்டியதாயிற்று. வேன் எடுப்பதா, வெகன் ஆர், ஆல்டோ போலச் சின்னக் கார் பார்ப்பதா? டீசலா, பெற்றோலா மிச்சம்?

பதில்: ரீச்சர், கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். நீங்கள் எழுதியது இரண்டு பக்கம். அதில் ஒன்றரைப் பக்கம் வேனின் ஏ.சி., சீற், எத்தனை பேர் இருக்கலாம் என்பது. மூன்று தவணை கட்டியதும் காப்பு அடகுக்குப் போனதும் இரண்டே வரி. நான் அந்த இரண்டு வரியைத் தாண்டிப் போகவில்லை.

மூன்று தவணை என்றால் 1,86,000 ரூபா. அது எந்தப் பேப்பரில் இருக்கிறது? லீசிங் கம்பனியின் ரசீதில் அண்ணாவின் பெயர். வாகனப் புத்தகத்தில் பதிவு உரிமையாளர் அண்ணா, முழு உரிமையாளர் கம்பனி. இன்சூரன்ஸும் அண்ணாவின் பெயரில். உங்கள் பெயர் இருப்பது அடகுச் சீட்டில் மட்டும்தான். காசை முதலில் கொடுப்பது, பேப்பரைப் பிறகு பார்த்துக்கொள்வது: இந்தப் பழக்கத்தை நிறுத்தாமல் எந்த வாகனம் எடுத்தாலும் வீட்டுக்குக் கேடுதான்.

உங்கள் பக்கம் எல்லோருக்கும் வயல் தெரியும் என்பதால் இப்படிச் சொல்கிறேன். ஒருவர் வயலைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறார். அவர் உங்களிடம் வந்து, "இவ்வளவு தா, மிச்சக் குத்தகையையும் நீயே கட்டு, வயல் உனக்கு" என்றால் என்ன சொல்வீர்கள்? வயற்காரர் எங்கே என்று கேட்க மாட்டீர்களா? லீசிங்கும் அதுதான். 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரே நிதிக் குத்தகைச் சட்டம். கடைசித் தவணை கட்டி முடியும் வரை வேன் கம்பனியின் சொத்து. கம்பனியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அதை இன்னொருவருக்குக் கைமாற்ற அண்ணாவுக்கு உரிமை இல்லை. அவர் கையெழுத்து வைத்த ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள், அங்கேயே எழுதியிருக்கும்.

"அண்ணா அப்படிப்பட்டவர் இல்லை" என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. நானும் அவரைச் சந்தேகப்படவில்லை. விலையைக் கணக்குப் பார்த்தால் அவர் நேர்மையாகத்தான் கேட்டிருக்கிறார், அதைப் பிறகு காட்டுகிறேன். எனக்குப் பயம் வேறு. நாளைக்குப் படுவான்கரைப் பக்கம் போகும் வழியில் வேன் அடிபட்டு முழுவதும் நாசம் என்று வையுங்கள். இன்சூரன்ஸ் காசு முதலில் லீசிங் கம்பனிக்குப் போகும், மிஞ்சினால் பொலிசி யார் பெயரிலோ அவருக்கு. கோரிக்கைப் படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டியவர் கட்டாரில் இருப்பார். தன் சார்பில் நீங்கள் கையெழுத்து வைக்க அதிகாரம் தரும் அற்றோனித் தத்துவம் எழுதித் தருகிறேன் என்று அண்ணா சொல்லக்கூடும். ஆனால் எழுதிக் கொடுத்தவர் கண்ணை மூடினால் அதுவும் அன்றோடு செத்துப்போகும். அதற்குப் பிறகு வேனில் அண்ணாவுக்கு இருக்கும் பங்கு மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் போகும் சொத்துக் கணக்கில் வரும். நீங்கள் கட்டிய தவணைகளை மச்சாளிடம் எந்த முகத்தோடு கேட்பீர்கள்?

இன்னொன்று. 38 மாதம் ஒழுங்காகக் கட்டினாலும் கிரிப் அறிக்கையில், அதாவது கொடுகடன் தகவல் பணியகத்தின் பதிவில், நல்ல பெயர் சேர்வது அண்ணாவுக்கு. நாளை வங்கியில் கடன் கேட்டுப் போகும்போது உங்களுக்கு அது ஒரு சதத்துக்கும் உதவாது. 2022இல் பெற்றோலைப் பங்கிட, வாகனத்தைப் பதிந்து கியூஆர் குறியீடு எடுத்த காலமும் மறந்திருக்காது. வாகனம் வேறொருவர் பெயரில் இருந்தவர்கள் பழைய சொந்தக்காரரைத் தேடி அலைந்ததை அப்போது கண்ணால் பார்த்தோம்.

கடிதத்தின் ஓரத்தில் பேனையால் ஒரு வரி எழுதிப் பிறகு வெட்டியிருக்கிறீர்கள். வெட்டியதும் வாசிக்க முடிந்தது: "வீடும் வளவும் உனக்குத்தானே போனது." அண்ணா அப்படிச் சொன்னாரா, நீங்களே நினைத்துக்கொண்டதா என்று தெரியவில்லை. அம்மாவின் வீடு மகளுக்குச் சீதனமாகப் போவது மட்டக்களப்பில் காலங்காலமாக வரும் வழக்கம். ஆண்பிள்ளைகள் கலியாணம் கட்டிய இடத்துக்குப் போய்விடுவார்கள். அதனால் தங்கச்சிமார் பலருக்கு அண்ணன் கேட்டால் மறுக்க வாய் வராது. எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு அடியில் இந்தக் கடன்தான் கிடக்கிறது. அண்ணாவுக்கு ஏதாவது செய்யத்தான் வேண்டும் என்று மனம் சொன்னால், செய்யுங்கள். ஒரு தொகையை முடிவுசெய்து, இது உதவி என்று சொல்லியே கொடுங்கள். வேன் வியாபாரத்துக்குள் அதை ஒளித்துவைத்தால் உதவியும் தெரியாது, வியாபாரமும் விளங்காது.

இனிக் கணக்கு. 15 இலட்சமும் 38 தவணையும் (23,56,000) சேர்த்தால் 38,56,000. ஏற்கெனவே கட்டியதையும் கூட்டினால் 40 இலட்சத்துக்கு மேல். உங்களுக்குத் தெரிந்த கராஜ்காரர் வேன் 36 போகும் என்றிருக்கிறார், அண்ணா 42 என்கிறார். வட்டி ஆண்டுக்கு 15 வீதம் அளவில் என்று வைத்தால், இன்றே லீசிங்கை முடிக்கக் கம்பனி 19 இலட்சத்துக்கு அருகே கேட்கும். 36இல் 19 போனால் அண்ணாவின் பங்கு 17. அவர் கேட்பது 15, நீங்கள் கட்டியது 1,86,000. ஆக, ஏறக்குறைய சரியான விலை. அதைத்தான் நேர்மை என்றேன்.

42 என்பதை மட்டும் நம்ப வேண்டாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் பழைய இரும்பெல்லாம் தங்கம்போல விலை ஏறியது. வாங்கிய விலைக்கு மேல் விற்றவர்களும் இருக்கிறார்கள். அந்த ஐந்து வருடத்தில் "வாகனம் ஒரு முதலீடு" என்று பலர் மனதில் பதிந்துவிட்டது. அது தட்டுப்பாட்டுக் காலத்துக் கணக்கு. ஓட ஓடத் தேயும் சாமானை நகைக்குச் சமமாக எண்ணி வாங்காதீர்கள்.

விலை சரி என்றாலும் மாதக்கணக்கு சரிவராது. வங்கிக் கடன் போக உங்களிடம் மிஞ்சுவது 1,29,000. வேனுக்குத் தவணை 62,000, டீசல் 15,000. இன்சூரன்ஸ், வருட லைசன்ஸ், சேர்விஸ், ரயர் எல்லாவற்றையும் மாதத்துக்குப் பிரித்தால் 13,000. மொத்தம் 90,000. மிச்சம் 39,000, அதாவது நாளைக்கு 1,300 ரூபாவில் ஐந்து பேர் சாப்பிட்டு, பிள்ளைகள் ரியூஷனுக்குப் போய், மாமிக்கு மருந்தும் வாங்க வேண்டும். மூன்றாவது தவணைக்கே காப்பு போனதே, அது ஏன் என்று இப்போது விளங்குகிறதா?

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். வாரத்தில் ஆறு நாள் வண்டியில் போகிறவர்கள் எத்தனை பேர்? அதிகம் போனால் ஐந்து பேர். கதிர்காமத்துக்குப் பன்னிரண்டு பேரோடு போவது வருடத்தில் ஒருமுறை. அந்த ஒரு பயணத்துக்காக 365 நாளும் வெறும் சீற்றுகளை இழுத்துக்கொண்டு திரிய வேண்டாம். அன்றைக்கு வாடகை வேன் பிடியுங்கள், சொந்தக்காரரும் பங்கு போடட்டும்.

பதிவு செய்த பழைய 800 சிசி ஆல்டோ ஒன்று 28 இலட்சத்துக்குப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கைக்கு அந்த அளவுதான் பொருந்தும். 16 இலட்சம் கையிலிருந்து, 12 இலட்சம் நான்கு வருட லீசிங். அதே 15 வீதத்தில் தவணை 33,500 அளவில் வரும். பெற்றோல் 12,000, மற்றது 9,000. மொத்தம் 54,500, வீட்டுக்கு 74,500 மிஞ்சும். வாகனப் பெறுமதியில் எவ்வளவு வரை கடன் கொடுக்கலாம் என்று மத்திய வங்கி வைக்கும் வரம்பு அவ்வப்போது மாறும். நீங்கள் பாதிக்கும் குறைவாகவே எடுப்பதால் அது இடைஞ்சலாக வராது. ஒரு குறை மட்டும் சொல்ல வேண்டும்: ஆல்டோவின் சீற் தாழ்வு. வாங்குவதற்கு முன் மாமியை ஒருமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். முழங்கால் சம்மதிக்காவிட்டால், வெகன் ஆர் மாதிரி உயரமான ஒன்றுக்குக் காசு சேரும் வரை வாடகை வேனே போதும். மாதம் 22,000 என்பது அவமானப்படும் செலவு இல்லை. வெகன் ஆரில் ஏறி இறங்குவது சுகம், எண்ணெயும் குறைவு. ஆனால் 660 சிசி வெகன் ஆரில் நான்கு பேருக்குத்தான் சீற், ஆள் நிறைந்து பதுளைப் பக்கம் மலை ஏறும்போது மூச்சும் வாங்கும்.

உங்கள் கணவர் தனியாக ஒரு வரி சேர்த்திருக்கிறார், மின்சாரக் காரில் செலவே இல்லையாமே என்று. இப்போது எல்லோர் வாயிலும் இதுதான். குறைந்த விலையில் கிடைக்கும் பழைய மின்சாரக் கார்களில் பல முதல் தலைமுறை நிசான் லீஃப். அதன் பற்றரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு கிடையாது, வெக்கையில் வேகமாகத் தேயும். மட்டக்களப்பு வெயிலைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? புதிதாக வருபவை நல்லவைதான், ஆனால் அந்த விலை உங்கள் 18 இலட்சத்தோடு பேசாது. வாகனப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு மாதாமாதம் வட்டி மட்டும் கட்டும் கடனுக்கும் யாராவது வீடு தேடி வருவார்கள். வட்டி மட்டும் கட்டினால் முதல் அப்படியே நிற்கும். வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

எந்த வண்டி பார்த்தாலும் கராஜ்காரரைக் கூட்டிப்போய் அடியில் பார்க்கச் சொல்லுங்கள். கடற்காற்று படும் ஊரில் ஓடிய வண்டிக்கு மேலே பெயின்ற் பளபளக்கும், கீழே துரு தின்றிருக்கும். சீற் பெல்ற்றைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். பெல்ற்றின் அடிப்பக்கத்தில் சேற்றுக் கறை இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி.

அண்ணாவிடம் இப்படிச் சொல்லலாம்: "நாளைக்கு நீங்களும் நாங்களும் சேர்ந்து லீசிங் கம்பனிக்குப் போவோம். இன்றைக்கு முடித்தால் எவ்வளவு என்று கடிதம் எடுப்போம்." கடிதம் கையில் இருந்தால் கட்டாருக்குப் போகும் முன் வேனை வெளியில் விற்று, வருகிற காசில் லீசிங்கை முடித்து, மிச்சத்தோடு அவர் நிம்மதியாகப் போகலாம். உங்கள் 1,86,000ஐயும் அதிலிருந்தே கழித்துத் தரச் சொல்லுங்கள். நான்காவது தவணையைக் கட்ட வேண்டாம், அவர் எவ்வளவு கெஞ்சினாலும். திரும்பி வரும் காசில் முதல் வேலை காப்பை மீட்பது.

காரை உடனே எடுக்கவும் வேண்டாம். நான்கு மாதத்துக்கு, இல்லாத அந்தத் தவணை 33,500ஐ வேறொரு கணக்கில் போட்டுப் பாருங்கள். மூச்சு முட்டாமல் முடிந்தால் 1,34,000 கையில் சேர்ந்திருக்கும், முற்பணத்தோடு சேர்க்கலாம். இரண்டாவது மாதமே தடுமாறினால் கடைக்காரரிடம் போகாமலே விஷயம் தெரிந்துவிடும். கணவரின் மோட்டார் சைக்கிளையும் விற்க விடாதீர்கள்.

டீசலா பெற்றோலா என்றால், மாதம் 500 கிலோமீற்றர் ஓடும் வீட்டுக்குப் பெற்றோல்.